முதலில் தரை, பிறகு மாவு: சமையலறைப் பொருட்களில் சின்னக் குழந்தைகளுக்கான விளையாட்டுகள்

மாவு, தண்ணீர், சாயம் என்று குழந்தையை அளைய விட ஆசைப்பட்டு ஆரம்பிக்கும் பெற்றோர் பலர் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை. குழந்தைக்குப் பிடிக்காமல் போனதால் அல்ல. சோபா இடுக்கில் போன ரவையை ஊக்கால் நோண்டி எடுத்த எரிச்சல்தான் காரணம். அதனால் செய்முறையை அப்புறம் பார்ப்போம். எங்கே உட்கார வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இங்கே சொல்பவை ஒன்றரை வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு. எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையை மாவோடு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்ற கணக்கு இதில் செல்லாது.

இடமும் எல்லையும்

குளியலறைத் தரைக்கு நிகரான இடம் இல்லை. கழுவிவிடலாம், குழந்தையையும் அங்கேயே குளிப்பாட்டி வெளியே அனுப்பலாம். ஈரத் தரை வழுக்கும், அதனால் பழைய துண்டை நான்காக மடித்து அதன்மேல் உட்கார வையுங்கள். வாளிகளில் தண்ணீர் இருந்தால் முன்கூட்டியே கொட்டிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்து. பினாயில், ஆசிட் பாட்டில்களை அந்த நேரத்துக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

மொட்டை மாடியோ முற்றமோ இருப்பவர்கள் வெயில் தாழ்ந்ததும் அங்கே போகலாம். கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை என்பவர்கள் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய வேட்டியைப் போடுங்கள். வெறும் பிளாஸ்டிக் நழுவும். வேட்டி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் உதறலாம்.

அதன் நடுவில் விளிம்பு உயர்ந்த தாம்பாளம் அல்லது அகலமான பேசின். சீர்வரிசைத் தாம்பாளம் பரணில் சும்மாதானே கிடக்கிறது. "மாவு தட்டுக்குள்ளதான்" என்பது ஒன்றே விதி. பத்து விதி போட்டால் ஒன்றும் நிற்காது. இந்த ஒன்றை ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஜட்டி போதும், சட்டை வேண்டாம். மஞ்சள், பீட்ரூட் போன்ற சாயப் பொருட்களை எடுக்கும் நாளில் குழந்தையின் கையிலும் முழங்கையிலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள், சாயம் அவ்வளவாகப் பிடிக்காது. குளிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் இதற்கு நல்ல பொழுது. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் குழந்தையிடம் எதை நீட்டினாலும் அழுகைதான் வரும்.

எல்லாம் வாய்க்குப் போகும் வயதுக்கு

மூன்று வயதுக்கு முன் கைக்கு வருவதெல்லாம் வாய்க்குப் போகும். எனவே வெந்த பொருளில் தொடங்குங்கள். பச்சை மாவு வேண்டாம். மைதாவோ கோதுமை மாவோ ஆலையில் வேகவைக்கப்படுவதில்லை, அரைக்கப்படுவது மட்டும்தான். வயலிலிருந்து வந்த கிருமி அதில் இருக்கலாம்.

என் முதல் சிபாரிசு ஜவ்வரிசி. கடையில் இரண்டு வகை இருக்கும். பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி என்று கண்ணாடிபோல் வருமே, அதை வாங்குங்கள். உருண்டை உடையாமல் நிற்கும். மாவு ஜவ்வரிசி சீக்கிரம் கரைந்து கூழாகிவிடும் (கூழும் விளையாட்டுதான், ஆனால் அது இரண்டாம் நாளுக்கு).

அரை கப் ஜவ்வரிசியை நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும் பதத்தில் அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். கால் மணி நேரத்தில் புள்ளியும் போய்விடும். வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசி, சில சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டினால் ஒட்டாது. முழுக்க ஆறிய பிறகுதான் குழந்தையிடம் போக வேண்டும். வெளியே ஆறியிருந்தாலும் நடுவே சூடு தங்கியிருக்கும், கையை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்.

நிறம் வேண்டுமென்றால் வேகும் தண்ணீரையே மாற்றுங்கள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் இளஞ்சிவப்பு தரும். பாலக்கீரையை அரைத்து வடிகட்டினால் பச்சை, மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, சங்குப்பூ கொதிக்கவைத்தால் நீலம். கடையில் விற்கும் கலர் பொடியைவிட இவை மங்கலாகத்தான் இருக்கும். அது குழந்தைக்குப் பொருட்டில்லை. புகைப்படம் எடுக்கும் நமக்குத்தான். பீட்ரூட் கலந்ததைக் கொஞ்சம் விழுங்கிய குழந்தைக்கு மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பீட்ரூட்டின் சாயம்தான் அது.

இதோடு என்ன செய்வது? ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு சல்லடை போதும். அள்ளும், ஊற்றும், நசுக்கும், காலால் மிதிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "வழவழன்னு இருக்கு", "கொழகொழன்னு ஓடுது" என்று பேசிக்கொண்டிருங்கள். பிசுபிசு, சொதசொத, நறநற, மொறமொற என்று தொட்டறியும் உணர்வுக்கு நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. குழந்தை அவற்றைக் கற்பது கையில் அந்தப் பொருள் இருக்கும்போதுதான்.

சப்ஜா விதையும் இந்த வயதுக்கு நன்றாக ஒத்துவரும். இரண்டு ஸ்பூன் விதையைத் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றும் ஜெல்லி உறை போட்டுக்கொண்டு நிற்கும். கடைகளில் வண்ண வண்ணமாக விற்கும், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டைகளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை உணவுப் பொருள் அல்ல, பிளாஸ்டிக் வகைச் சேர்மம். விழுங்கினால் குடலுக்குள்ளும் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போன சம்பவங்கள் உண்டு.

ரவைத் தட்டு

கை நனைய மறுக்கும் குழந்தைக்கும், ஈரத்துக்கு இன்னும் தயாராகாத பெற்றோருக்கும் இது. தாம்பாளத்தில் அரை அங்குல உயரத்துக்கு ரவையைப் பரப்புங்கள். விரலால் கோடு போடலாம், தட்டை லேசாக ஆட்டினால் கோடு அழிந்துவிடும். முள்கரண்டியால் இழுத்தால் வயல் உழுததுபோல் வரும். சின்ன வடிகட்டி, மூடி, தோசைக்கரண்டி எல்லாம் கொடுங்கள். ரவையும் பச்சை மாவு வகைதான், அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் இதைத் தள்ளி வையுங்கள்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஜயதசமியன்று அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது வேறென்ன? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்குள் அதைக் கொண்டுபோனார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். மணல் தட்டு அப்படித்தான் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

ஆனால் நான் ரவைத் தட்டில் எழுத்துச் சொல்லித்தர மாட்டேன். அரை மணி நேரம் விளையாட்டாக இருந்தது, 'ஆ' எழுது என்று சொன்ன நொடியில் வகுப்பாகிவிடும்.

கார்ன்ஃப்ளார்: கெட்டியா, தண்ணியா?

ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று வயதுக்கு மேல் சரி. பெரியவர்களும் கையை எடுக்க மாட்டார்கள்.

வாங்கும்போதே தவறு நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சூப் கெட்டியாவதற்குப் போடும் வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளார்தான் வேண்டும். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு, அதில் இது வராது. கூவைக்கிழங்கு மாவு அல்லது ஆரோரூட் மாவு என்று விற்பதிலும் செய்து பார்க்கலாம்.

1. இரண்டு கப் மாவைப் பேசினில் கொட்டுங்கள். முதலில் உலர்ந்த மாவையே தொட்டுப் பார்க்கட்டும். விரலால் அழுத்தினால் கறுக்கென்று ஒரு சத்தம் வரும்.
2. ஒரு கப் தண்ணீரைத் தனியாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையையே ஊற்றச் சொல்லுங்கள். முழுவதையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம்.
3. கரண்டியால் வேகமாகக் கலக்க முடியாது, இறுகிக்கொள்ளும். கையால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள்.
4. முஷ்டியால் குத்தினால் தரைபோல் கெட்டியாக, விரலை மெதுவாக இறக்கினால் உள்ளே வாங்கிக்கொண்டால் பதம் வந்துவிட்டது. நீர்த்துப் போனால் ஒரு ஸ்பூன் மாவு, குத்தும்போது வெடித்துப் பொடிந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர்.

உருண்டை பிடித்துக்கொண்டே இருந்தால் கெட்டி. உருட்டுவதை நிறுத்தியதும் விரலிடுக்கில் ஒழுகிவிடும். காரணம் உங்களுக்காகச் சொல்கிறேன், குழந்தை கேட்காமல் அதனிடம் சொல்லாதீர்கள். இந்த மாவு பச்சைத் தண்ணீரில் கரைவதில்லை, நுண்ணிய துகளாக மிதந்து நிற்கிறது. மெதுவாகத் தள்ளினால் துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் வழிவிட, ஒன்றையொன்று தாண்டி நழுவும். திடீரென்று அடித்தால் விலக நேரமில்லாமல் முட்டிக்கொண்டு இறுகிவிடும்.

சிறிது நேரம் சும்மா வைத்தால் மாவு அடியில் தங்கி, தண்ணீர் மேலே நிற்கும். கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம், கலக்கினால் திரும்ப வரும். நாள் முழுக்க வைத்திருந்தால் நம் ஊர் வெப்பத்துக்குப் புளித்து வாடை வரும். அன்றைக்குச் செய்து அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கேள்வி வரும்: சாப்பிடுகிற பொருளை இப்படிப் பாழாக்கலாமா? நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். என் பதில் அளவில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு கப்தான் உச்சம்; பெரும்பாலான விளையாட்டுக்கு அரை கப் போதும். மழைக்காலத்தில் கட்டிதட்டிப்போன கார்ன்ஃப்ளார், காய்கறித் தோல், முற்றிப்போன வெண்டைக்காய், அரிசி கழுவிய தண்ணீர் என்று தூக்கிப்போட இருந்ததிலிருந்து தொடங்குங்கள். ரவையைச் சலித்து ஒரு டப்பாவில் "விளையாட்டு ரவை" என்று எழுதி வைத்தால் மாதக்கணக்கில் வரும், கடைசியில் எறும்புக்குப் போடலாம். அரிசி மாவுக் கோலம் போடும் வீட்டில் இதற்கு எதிர்ப்பு வராது.

பிசைமாவு

கொழுக்கட்டைக்கு மாவு கிண்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. பாட்டியிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிட்டால் மேலே சொன்ன வாதமும் பாதி அடங்கிவிடும்.

மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு டேபிள் ஸ்பூன், எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள் ஸ்பூன். வெளிநாட்டுச் செய்முறைகளில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று ஒன்று கேட்பார்கள். தேடி அலைய வேண்டாம், மாவு நெகிழ்ந்து வர ஒரு புளிப்பு தேவை, எலுமிச்சை அந்த வேலையைச் செய்துவிடும்.

எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றாமலே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள், தோசை மாவைவிட நீர்க்க இருக்கும். சாயம் சேர்ப்பதானால் இப்போதே. அடிகனமான வாணலியில் ஊற்றி, சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் பசைபோல் இழுக்கும், திடீரென்று திரளும், பிறகு வாணலியை விட்டு ஒரே உருண்டையாகப் பிரிந்து வரும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டு வழுவழுப்பாகப் பிசையுங்கள். அடுப்பு வேலை முழுக்கப் பெரியவருடையது. பிசையும்போது குழந்தை சேர்ந்துகொள்ளலாம், ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு.

பூரிக்கட்டை, முறுக்கு அச்சு, இடியாப்ப உழக்கு, டம்ளர் விளிம்பு எல்லாம் கருவிகள். முறுக்கு அச்சில் மாவு கம்பி கம்பியாக இறங்குவதைப் பார்த்துக் குழந்தை சிரிக்கும் சிரிப்புக்காகவே இதைச் செய்யலாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். மழைக்காலத்தில் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும், அப்போது கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்துகொள்ளுங்கள். பூஞ்சையோ வாடையோ வந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

கடையில் டப்பாவில் விற்கும் பிளே-டோவும் இதற்குச் சொந்தம்தான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் சுவர்த்தாளில் படிந்த கரியை ஒற்றி எடுக்க விற்ற மாவு அது. 1950களில் குழந்தைகள் கைக்கு மாறியது.

ஒரு எச்சரிக்கை. இதில் இருக்கும் உப்பு மிக அதிகம். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினால் ஒன்றும் ஆகாது, உருண்டையாக விழுங்கினால் உடம்பில் உப்பு ஏறி ஆபத்தாகலாம். உப்புக் கரிப்பே பெரும்பாலான குழந்தைகளைத் தடுத்துவிடும், ஆனால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம். நாய்க்கும் மாட்டுக்கும் இதைப் போடக் கூடாது. கோதுமை ஒவ்வாத குழந்தை என்றால் மைதாவுக்குப் பதில் கொழுக்கட்டை மாவையே கொடுங்கள்.

நிறம் மாறும் மஞ்சள்

நான்கு வயதுக்கு மேல் இது மாயாஜாலம். ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடித்த வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். இன்னொரு கிண்ணத்தில் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா. பஞ்சு சுற்றிய குச்சியால் சோடாத் தண்ணீரைத் தொட்டுத் தாளில் வரைந்தால் கோடு செம்பழுப்பாக விழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் அதில் போடும் சுண்ணாம்பை விளையாட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடியது அது.

சங்குப்பூத் தண்ணீரும் இப்படித்தான்: எலுமிச்சை பிழிந்தால் ஊதா, சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். தெருவோர வேலியில் பூத்துக் கிடக்கிறது, காசும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. கால் கப் மைதாவை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால், சுவரொட்டி ஒட்டும் அதே பசை. ஆறியதும் சாயம் கலந்தால் விரல் வண்ணம். முற்றிய வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி அதில் தொட்டு ஒற்றினால் பூ, வாழைத்தண்டை ஒற்றினால் வட்டத்துக்குள் வட்டம். கடல்பாசியை (அகர் அகர்) காய்ச்சி, உள்ளே பெரிய பொம்மைகளைப் போட்டு உறையவிட்டால் தோண்டி எடுக்கலாம், நம் ஊர் வெயிலிலும் உருகாது. உப்புப் போடாமல் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரைக் குளிரவைத்து மின் பீட்டரால் அடித்தால் வெள்ளை நுரை மலைபோல் வரும். பழைய புளியும் கறுத்த பித்தளைச் சொம்பும் கொடுத்துப் பாருங்கள், தேய்த்த இடம் பளபளப்பதைப் பார்த்து அரை மணி நேரம் அசையாமல் உட்காரும்.

தொட மறுத்தால்

சில குழந்தைகள் விரல் நுனியில் மாவு பட்டதும் கையை உதறி அழும். அதன் கையைப் பிடித்து உள்ளே அமுக்காதீர்கள், அதோடு கதை முடிந்தது. கரண்டியைக் கொடுங்கள். ஜவ்வரிசியை ஜிப் கவரில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, வெளியிலிருந்து அழுத்தட்டும். பக்கத்தில் ஈரத் துணி இருக்கட்டும்; வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பயம் குறையும். நீங்கள் பாட்டுக்கு அளைந்துகொண்டிருங்கள், அது பார்த்துக்கொண்டிருப்பதும் பங்கேற்புதான். சாப்பாடு, குளியல், உடை என்று எல்லாவற்றிலும் இந்தத் தொடு உணர்ச்சி பெரிய சிக்கலாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

மிளகாய்த்தூள், மிளகு, பட்டைத்தூள் வேண்டாம்; கண்ணும் மூச்சும் தாங்காது. பட்டாணி, துவரை, புளியங்கொட்டை, வேர்க்கடலை போன்றவை மூன்று வயதுக்குள் கூடவே கூடாது. தொண்டையில் மட்டுமல்ல, மூக்கிலும் காதிலும் போகும், உள்ளே ஊறிப் பெருத்துவிட்டால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் தேன் கலந்த எதுவும் வேண்டாம். போராக்ஸ் (வெங்காரம்) சேர்க்கும் சிலைம், அதாவது கொழகொழவென்று இழுபடும் விளையாட்டுப் பசை, அதன் செய்முறைகளைத் தாண்டிப் போய்விடுங்கள். உலர் மாவை எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் தூவி விளையாட விடாதீர்கள், காற்றில் பறக்கும் மாவு தீப்பிடிக்கும்.

கழுவுதல்

முதலில் குழந்தை, பிறகு பாத்திரம், கடைசியில் தரை. வரிசையை மாற்றினால் துடைத்த தரையில் மாவுக் கால் நடந்து வரும். மூன்று வயதுக்காரருக்குச் சொந்தமாக ஒரு துணியைக் கொடுங்கள். சுத்தமாகத் துடைக்காது, ஆனால் துடைப்பதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்.

சிந்திய கார்ன்ஃப்ளாரை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும். காயவிட்டுப் பெருக்குங்கள். பேசினில் மிஞ்சியதை சிங்கில் கொட்டாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு இரவு அப்படியே வைத்து, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருப்பதைக் குப்பையில் போடுங்கள். மைதாப் பசை பட்ட பாத்திரத்துக்கு வெந்நீர் வேண்டாம், முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். மஞ்சள் கறை பட்ட துணி சோப்புப் பட்டதும் சிவக்கும். அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.